மறந்துபோன வியாழக்கிழமை

மடக்...

அந்தச் சத்தம் அவளுக்கு இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. பதினோரு வருஷம் ஆயிற்று. எத்தனையோ பெரிய விஷயங்கள் போன இடம் தெரியவில்லை. இந்தச் சின்னச் சத்தம் மட்டும் ஏனோ தங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஸ்கேன் அறைக்கு வெளியே நான்கு நாற்காலிகள் போட்டிருப்பார்கள். உள்ளே போகிறவர்கள் உடம்பில் ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது. அவள் தோடு, கைக்கடிகாரம், தலை கிளிப் எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் போட்டுவிட்டாள். கடைசியில் மூக்குக் கண்ணாடியையும் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி அங்கியின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து யாரோ வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

"எந்திரிங்க" என்றாள்.

"இன்னும் என் பேரக் கூப்பிடலையே..."

"நீங்க என் கண்ணாடி மேல உக்காந்திருக்கீங்க."

எழுந்தான். கண்ணாடியின் ஒரு காது அவன் கையில், மீதி நாற்காலியில். ஏழு முறை மன்னிப்புக் கேட்டதாக அவன் இன்றுவரை சாதிக்கிறான். நான்குதான் என்கிறாள் அவள்.

காதல் கதைகளில் முதல் பார்வை என்று ஒன்று வருமே... அது அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. கண்ணாடி இல்லாவிட்டால் கைக்கெட்டிய தூரம் தாண்டி அவளுக்கு எல்லாமே பனிமூட்டம்தான். எதிரே உயரமாக, சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று நின்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

ஆனால் குரல்... அவசரமில்லாத குரல். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் கொஞ்சம் இடம் விட்டுப் பேசுகிற குரல். இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே? தேடினாள். தேடினால் கிடைக்காமல் போவதுதான் அவளுக்கு வழக்கம். அன்றைக்கு எப்படியோ கிடைத்துவிட்டது.

"நீங்க... மூணாவது பிளாட்பாரமா?"

சாம்பல் நிறம் ஒரு கணம் அசையவில்லை. பிறகு சிரித்தது. ஆமாம், ரயில் நிலையத்தில் வண்டி வருவதையும் போவதையும் மைக்கில் சொல்கிறவன் அவன்தான். ஆறு வருஷமாக ஊரே அவன் குரலைக் கேட்கிறது, வெளியே ஒருவர்கூடக் குரலை வைத்து அவனைக் கண்டுபிடித்ததில்லையாம்.

"அபார ஞாபக சக்திங்க உங்களுக்கு" என்றான்.

அந்த ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஏனென்றால் அவளுக்கு அப்போது வயது முப்பத்தொன்று. அந்த முப்பத்தொரு வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதே இல்லை. பதினான்கு வயதில் வகுப்பறையில் முதல் தடவை வலிப்பு வந்தது. மாத்திரையால் பெரிய வலிப்புகள் அடங்கிவிட்டன. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை சின்னதாக ஒன்று வரும். அரை நிமிஷம் வெறித்துப் பார்ப்பாள், உதடு தானாக அசையும், பிறகு ஒன்றும் நடக்காதது போல் இருக்கும். அதுகூடப் பெரிதில்லை. ஞாபகம்தான் பெரிய தொல்லை. இன்றைக்கு நடந்தது நாளைக்கு இருக்கும்... இரண்டு வாரத்தில் மணலில் விட்ட தண்ணீராக இறங்கிவிடும். சித்தி மகள் கல்யாணப் போட்டோவில், தான் முன்வரிசையில் நின்று சிரிப்பதை அவள் யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சோம்பேறி என்றார்கள். வீட்டில் கவனமில்லாதவள் என்றார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். எல்லாவற்றையும் ஒரு குட்டி நோட்டில் எழுதி எழுதித்தான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் நல்லவன். அவளைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டவன். ஆனால் அவனுக்கு ஒரே சட்டம். வெளியே மூச்சு விடக்கூடாது. ஒரு முறை கல்யாணம் நிச்சயமாகும் தறுவாயில், பையனின் அம்மா அவள் கைப்பையில் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட, அன்று சாயங்காலமே அந்தப் பேச்சு முடிந்துபோனது. அதன் பிறகு அந்தச் சட்டம் இன்னும் இறுகியது.

வலிப்பு உள்ளவர்களின் மூளையில் ஞாபகம் எப்படிப் பாதிக்கப்படுகிறது என்று அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாதவர்களும் வேண்டும் என்று போட்ட விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தவன் அவன். "நீங்களும் அதுக்குத்தானே வந்திருக்கீங்க?" என்று வெள்ளந்தியாகக் கேட்டான்.

இல்லை, நான் நோய் உள்ள பக்கத்து ஆள் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"ஆமா" என்றாள்.

அவனுக்கு ஸ்கேன் குழாய்க்குள் போகப் பயமாக இருந்தது. உள்ளே போகும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். மாடி வீட்டுக்காரர்கள் கட்டிலையும் பீரோவையும் இழுக்கிற மாதிரி சத்தம் கேட்கும், அவ்வளவுதான், பழகிவிடும் என்றாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். போன வருஷமும் ஓர் ஆராய்ச்சிக்கு வந்தேன் என்றாள். இரண்டாவது பொய். முதல் பொய் சொல்லத்தான் சிரமம்... இரண்டாவது தானாக வந்துவிடுகிறது.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்தபோது அவன் போகாமல் காத்திருந்தான். கண் தெரியாமல் எப்படிப் போவீர்கள் என்றான். கண்ணாடிக் கடையில்தான் வேலை, அங்கே போய்விட்டால் சரிசெய்துகொள்வேன் என்றாள். உடைத்தவன் கொண்டுபோய் விடுவதுதான் முறை என்று கூடவே வந்தான். பஸ் ஸ்டாப்பில் ஒவ்வொரு பஸ்ஸின் நம்பரையும் அவளுக்காக மைக் குரலில் அறிவித்தான். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சிரித்து என்று அவளுக்கே தோன்றியது.

கடைக்கு வந்து, மேஜை இழுப்பறையில் இருந்த பழைய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் பார்த்தாள்.

ஒரு நாளைக்கு ஐம்பது ஜோடிக் கண்களைப் பார்க்கிறவள் அவள். கண்கள் அவளுக்குப் பவர், கோணம், இடைவெளி... அவ்வளவுதான். இந்தக் கண்கள் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் இருந்தன. வெளி ஓரத்தில் லேசாகச் சரிந்து, யாரோ எதையோ சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருப்பது போல் இருந்தன. பேசுகிற வேலைக்காரனுக்குக் கேட்கிற கண்கள்... வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. குடையில்லாமல் நனைந்துகொண்டே போனான். தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு நோட்டில் அன்றைக்கு நடந்ததையெல்லாம் எழுதவும் செய்தாள், தலைப்பு எதுவும் போடாமல். மறந்துவிடாமல் இருக்கத் தினமும் அதை எடுத்துப் படித்தாள்.

பத்து நாள் கழித்து ஞாபகப் பரிசோதனை. ஆராய்ச்சி டாக்டர் பதினைந்து வார்த்தைகளை நிதானமாகப் படிப்பாள். திருப்பிச் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் சொல்ல வேண்டும். அவளுக்கு ஓர் அறை, அவனுக்கு வேறோர் அறை, அதனால் குட்டு வெளிப்படவில்லை. இடைவேளையில் இருவரும் தாழ்வாரக் கோடியில் நின்று டீ குடித்தார்கள். பதினைந்தில் ஒன்பதுதான் வந்தது என்று அவன் வெட்கப்பட்டான். எனக்குப் பதினொன்று என்றாள் அவள். அது நிஜம். அரை மணி நேரத்துக்கெல்லாம் அவள் மூளை நன்றாகவே வேலை செய்யும்.

தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே, அடுத்த வியாழக்கிழமை எனக்கு லீவு என்றான். ஸ்டேஷன் பெரிய வாசலுக்கு ஐந்து மணிக்கு வர முடியுமா என்று கேட்டான். மேலே தன் அறையிலிருந்து பார்த்தால் நான்கு பக்கத்து வண்டிகளும் வளைந்து வந்து சேருவது தெரியுமாம், அதைக் காட்ட வேண்டுமாம். சொல்லும்போது அந்த நிதானமான குரல் இரண்டு இடத்தில் தடுக்கியது.

வருகிறேன் என்றாள்.

கை தானாகப் பைக்குள் போனது. நோட்டு விரலில் தட்டுப்பட்டது. அபார ஞாபக சக்தி உள்ளவள் இதையெல்லாம் எழுதிவைப்பாளா? சிரித்துவிட மாட்டானா? வெறுங்கையை வெளியே எடுத்தாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவளுக்கு அந்தச் சின்ன வலிப்பு வந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக. விழித்தபோது இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டி இரண்டு ஸ்டாப் போயிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டில் பஸ்ஸில் வலிப்பு என்று மட்டும் தேதி போட்டு எழுதினாள். அந்தச் சாயங்காலமும் அவன் சொன்ன வியாழக்கிழமையும் அந்த வலிப்போடு சேர்ந்து போய்விட்டன.

வியாழக்கிழமை நடந்தது அவன் பின்னால் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். இஸ்திரி போட்ட சட்டை. ஐந்து மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. உள்ளே போய் நின்றால் அவள் வருவது தெரியாதே என்று வாசலிலேயே நின்றான். ஏழு மணிவரை நின்றான். அவள் கண்ணாடிக் கடை இருந்த தெரு அங்கேயிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் வராதவளைத் தேடிப் போக ரோஷம் விடவில்லை.

அதே நேரத்தில் அவள் கடையில் ஒருவருக்கு பிரேம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டைக்கூட முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் என்று கூட வேலை செய்தவள் பின்னால் சொன்னாள். இதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு மனசு வலிக்கும்.

மூன்றாவது தடவை ஆஸ்பத்திரிக்குப் போனது ஒரு மாதம் கழித்து. தாழ்வாரத்தில் அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக ஓடினாள். கடைப் பக்கமே காணோமே என்று கேட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"வியாழக்கிழம ரெண்டு மணி நேரம் நின்னேன். வர இஷ்டமில்லன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

வியாழக்கிழமை... எந்த வியாழக்கிழமை? உள்ளே எங்கெங்கோ தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வெறும் சுவர். ஆனால் அவன் பொய் சொல்கிறவன் இல்லை என்று தெரிந்தது. என்ன நடந்திருக்கும் என்பதும் புரிந்தது. 

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். ஆனால் சொன்ன உடனே அந்தக் கண்களில் வரப்போகிற பரிதாபத்தை அவளுக்கு முன்பே தெரியும். எத்தனையோ பேர் கண்ணில் பார்த்தாயிற்று. திமிர் பிடிச்சவள்னு நினைச்சிட்டுப் போகட்டும்... நோயாளின்னு மட்டும் நினைக்க வேண்டாம்.

"வரத் தோணல" என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டு, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

இந்தப் பக்கத்து அறையில் டாக்டர், போன மாதம் சொன்ன பதினைந்து வார்த்தைகளில் எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டாள். பதினொன்று சொன்னவளுக்கு இப்போது ஒன்றுதான் வந்தது. அதுவும் சந்தேகமாக. அவள் தலையைக் குனிந்துகொண்டு, சரியாகக் கவனிக்கவில்லை, மன்னிச்சிடுங்க என்றாள்.

டாக்டருக்கு அவளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினாள். அதில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக மெல்லிய இழைகள், சிக்கெடுத்து வாரிவிட்ட கூந்தல் மாதிரி. மூளையின் வெள்ளைப் பகுதி அது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் செய்தி கொண்டுபோகிற நரம்பிழைகள். வலது பக்கம் அடர்த்தியாக இருந்தது. இடது பக்கம், காதுக்கு உள்புறம், ஒரு கற்றை மட்டும் மெலிந்து தேய்ந்திருந்தது.

"நாங்க இன்னும் உறுதியாச் சொல்ற கட்டத்துக்கு வரல" என்றாள் டாக்டர். "ஆனா கேட்டது உங்களுக்கு உள்ள போகுது. அரை மணி நேரம் நிக்குது. மாசக்கணக்கா நிக்கணும்னா இந்த வழியாத்தான் அது திரும்பத் திரும்பப் போய் வரணும்னு நெனைக்கிறோம். உங்களுக்கு அந்த வழி மெலிஞ்சிருக்கு. இது கவனக்குறைவு இல்லங்க."

அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வருஷத்துத் திட்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அந்த மெல்லிய கற்றையின் முன்னால் நின்றன. நின்றுவிட்டு, பதில் பேசாமல் திரும்பிப் போயின. டாக்டர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இது சரியாகுமா என்று கேட்டபோது மட்டும், தெரியாது என்று உண்மையைச் சொன்னாள்.

வீட்டில் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் படம், அந்தக் குரல், அந்த வியாழக்கிழமை. நாளைக்குப் போய் அவனிடம் சொல்லப்போகிறேன் என்றாள். அண்ணன் சட்டென்று நிமிர்ந்தான்.

"சொல்லிட்டா எல்லாம் முடிஞ்சுதும்மா."

"சொல்லாமலேயே முடிஞ்சு போச்சுண்ணா."

அண்ணன் எழுந்து போய் பைக் சாவியை ஆணியில் மாட்டினான்.

ரயில் நிலையத்தில் அறிவிப்பு அறை மாடியில் இருந்தது. இரும்புப் படி ஏறிப் போக வேண்டும். ஒரு மேஜை, ஒரு மைக், இரண்டு போன், முன்னால் அகலமான ஜன்னல். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். உட்காரச் சொல்லத் தோன்றவில்லை அவனுக்கு. அவளும் நின்றுகொண்டேதான் பேசினாள். தான் ஒப்பிட வந்த ஆள் இல்லை, ஒப்பிடப்பட வந்த ஆள் என்றாள். பதினான்கு வயதிலிருந்து ஆரம்பித்தாள். நடுவே போன் அடித்தது. அவன் கையால் ஒரு நிமிஷம் என்று காட்டிவிட்டு, மைக்கைப் பிடித்து ஏதோ ஒரு வண்டி நாற்பது நிமிஷம் தாமதம் என்று ஊருக்கே வருத்தம் தெரிவித்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, பஸ்ஸில் வந்த வலிப்புவரை சொன்னாள்.

"அந்த வியாழக்கிழம எங்கிட்ட இல்லவே இல்லங்க. நீங்க கேட்டது, நான் சரின்னது... எதுவுமே இல்ல. பொய் சொன்னது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு."

ஜன்னலுக்குக் கீழே ஒரு வண்டி வந்து, ஜனங்கள் இறங்கி, நடைமேடை மறுபடி காலியானது.

"அன்னிக்கு பஸ்ல... பக்கத்துல யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டான்.

இல்லை என்று தலையாட்டினாள். இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. 

"எனக்கு பயமா இருக்கு" என்றான். "பொய் சொல்ல விரும்பல. ரெண்டு நாள் குடுங்க."

தாராளமாக, என்றாள். படி இறங்கும்போது புரிந்துவிட்டது. மரியாதை தெரிந்தவர்கள் வேண்டாம் என்பதை இப்படித்தான் சொல்வார்கள்.

அண்ணன் என்ன ஆயிற்று என்று கேட்டான். இரண்டு நாள் கேட்டிருக்கிறார் என்றாள். மறுநாள் காலையில் அண்ணனே பைக்கை எடுத்து அவளைக் கடையில் இறக்கிவிட்டான். சாயங்காலமும் வந்து நின்றான். இரண்டு நாள் போயிற்று. மூன்றாவது நாளும் போயிற்று. நான்காவது நாளும் அண்ணன் வந்தான். 

ஐந்தாம் நாள் மத்தியானம் நல்ல மழை. கடையில் கூட்டமில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சொட்டச் சொட்ட நனைந்தபடி அவன் வந்தான். நேராகப் பரிசோதனை நாற்காலியில் போய் உட்கார்ந்து, கண்ணாடிக்கு அளவெடுக்க வேண்டும் என்றான்.

அவள் ஸ்கேலை எடுத்தாள். அளவெடுப்பது என்றால் எதிரே ஒரு முழ தூரத்தில் உட்கார வேண்டும். ஸ்கேலை மூக்குத் தண்டில் வைத்து, கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது பேரிடம் சொல்கிற வாக்கியம்தான்.

"நேரா... என் கண்ணப் பாருங்க."

பார்த்தான்.

முதலில் அறுபத்து மூன்று மில்லிமீட்டர் வந்தது. மறுபடி அளந்தாள், அறுபத்தைந்து. மூன்றாம் தடவை எண்ணே தெரியவில்லை. இமையில் ஒரு மழைத்துளி நின்றுகொண்டிருந்தது. அந்தக் கண்களில் பரிதாபத்தைத் தேடினாள். பயம் இருந்தது... ஒளிக்காமல் இருந்தது. பரிதாபம் இல்லை.

"டாக்டரப் போய்ப் பார்த்தேன்" என்றான். "உங்களப் பத்தி அவங்க ஒரு வார்த்தகூடச் சொல்லல. நானும் கேக்கல. வலிப்பு வந்தா பக்கத்துல இருக்கறவங்க என்ன செய்யணும்னு மட்டும் கேட்டேன். ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். வாயில எதையும் வைக்கக் கூடாது. கடிகாரத்தப் பாத்துக்கணும். அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆஸ்பத்திரி. முழிக்கிற வரைக்கும் கூடவே இருக்கணும்." கொஞ்சம் நிறுத்தினான். "மத்ததெல்லாம் கத்துக்கணும். கடைசி ஒண்ணு மட்டும் எனக்கு இப்பவே வரும்."

அவள் ஸ்கேலை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் மறந்துடுவேங்க. நீங்க இப்ப இங்க உக்காந்து பேசறதக்கூட... ரெண்டு மாசம் கழிச்சுக் கேட்டா தெரியாதுன்னு சொல்லுவேன். ஒரு தடவ இல்ல. வாழ்நாள் பூரா."

"சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்றதுக்குத்தாங்க எனக்குச் சம்பளமே தர்றாங்க" என்றான். "ஒரு நாளும் சலிச்சதில்ல. வண்டியத் தவறவிட்டவங்க மேல கோவமும் வந்ததில்ல. உங்க மேலதான் வந்துச்சு. ஏன்னு அஞ்சு நாளா யோசிச்சேன்... பிடிச்சவங்க வரலன்னாதானே அப்படிக் கோவம் வரும்."

வெளியே மழை கதவை அறைந்தது. தெருவில் யாரும் இல்லை. அவள் ஸ்கேலைக் கீழே வைத்தாள். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி போட்டுக்கொண்டாள். அவனைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

"மறக்கறதுக்குள்ள சொல்லிடறேன்" என்றாள். "எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு."

ஊருக்கே கேட்கப் பேசுகிறவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். குரல் வரவில்லை.